ஏலத்தில் ஒரு சேவல்

நவம்பரின் முதல் வியாழன்,
லைபீரியாவில் நன்றி நாள்.
புக்கானனில் மழை ஒருவழியாய் விட்டிருந்தது.
பீடத்தின் முன்னால் காணிக்கைகள்:
மரவள்ளிக் கிழங்கு, பப்பாளி, செம்பனைக் குலை,
யாரோ வைத்த ஒரு டின் பால்பவுடர்,
கால் கட்டிய கோர்ட்டோவின் சேவல்.

பிரசங்கத்துக்கு நடுவே மூன்று முறை கூவியது.
போதகர் பேதுருவை நினைத்திருப்பார்,
சிரித்துவிட்டார்.

ஆராதனை முடிந்து ஏலம்.
கணக்கு நோட்டு என் மடியில்.
ஆயிரம் என்றார்கள். ஆயிரத்து இருநூறு.
பின்வரிசையில் டோக்பா எழுந்தான்:
"நாலாயிரம்."

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.
வேலித் தகராறில் கோர்ட்டோவோடு
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லாதவன்.
"விடியுமுன் கூவி என் உயிரை வாங்கிய சேவல்.
இன்று மிளகு சூப்.
இனிமேல் வரும் தூக்கத்துக்காகக்
கர்த்தருக்கு நன்றி."
சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது.
கோர்ட்டோ மட்டும் கைக்குட்டையை
நாலாய், எட்டாய் மடித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுதினேன்: சேவல், ஒன்று. நாலாயிரம். ரொக்கம்.
நோட்டுகள் ஈரமாயிருந்தன. மீன் வாடை.

மறுநாள் இருட்டில்
அதே குரல்.
வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
படுத்தபடியே காது கொடுத்தேன்.
டோக்பா வீட்டில் விளக்கு எரிந்தது.
மார்ச்சில் மனைவியைப் புதைத்ததிலிருந்து
அந்த வீட்டில் எழுப்ப ஆளில்லை.

கொஞ்ச நேரத்தில் கோர்ட்டோ
ஒரு கிண்ணம் நொய்யரிசியோடு
வேலி வரை வந்தாள்.
கூப்பிடவில்லை.
கம்பி இடைவெளியில் கையை நுழைத்து
அந்தப் பக்கம் இறைத்துவிட்டுப் போனாள்.