பதினான்காவது கேள்வி

கீழே பேக்கரி.
விடியும் முன்பே எங்கள் தரைப்பலகை சூடேறிவிடும்.
மேலே இரண்டு மேசை, வாடகைக்கு ஒரு பிரின்டர்,
பெயர் பொறித்த பித்தளைத் தகடு சுவரில் சாய்ந்தபடி.
"முதலில் காப்பீடு.
அதுவரை ஆணியடிக்காதே," என்றான் ரூரி.

டண்டீயில் மே மாதம்.
கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி
டே ஆற்றுப் பாலத்தைப் பாதியோடு நிறுத்தியிருந்தது,
மீதி வரைபடம் இன்னும் வராததுபோல.

மேசைமேல் மூன்று விலைப்புள்ளிகள்.
ஒன்று மலிவு.
தீ சேராது, வெளிச்சுவர்ப் பலகை சேராது, அஸ்திவாரம் சேராது.
மழைக்கு மட்டும் விரியாத குடை.
அடுத்ததில் எல்லாம் உண்டு,
ஆனால் வருடம் முழுவதற்கும் ஒரே வரம்பு,
வழக்குச் செலவும் அதற்குள்ளேயே.
வக்கீல் உண்டது போக மிஞ்சினால் நமக்கு.
மூன்றாவதில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி இலை போட்டுப் பரிமாறுகிறார்கள்.
விலை: ரூரியின் கார்,
கூடவே என் கோடை விடுமுறை.

தரகர் ஆக்டர்லோனி தொலைபேசியில் பொறுமையாகச் சொன்னார்:
"தப்பு நடந்த நாளில் காப்பீடு இருந்தால் போதாது, மோர்வென்.
தப்பு வெளியே வந்து கதவைத் தட்டும் நாளிலும்
அது உயிரோடு இருக்க வேண்டும்."
கடையை மூடிவிட்டால்?
"அதற்குப் பிறகும் ஆறேழு வருடம் கட்டுங்கள்."
செத்துப்போனால்?
இருமினார்.
"அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது."

வீட்டைக் கட்டிப் பார் என்கிறார்கள்.
வரைந்து பார் என்று
யாரும் எச்சரிக்கக் காணோம்.

படிவத்தில் பதின்மூன்று கேள்விகள் சுலபம்.
பதினான்காவது:
கோரிக்கையாக மாறக்கூடிய எதையாவது நீங்கள் அறிவீர்களா?

அறிவேன்.
கார்னூஸ்டியில் ஒரு பல் மருத்துவரின் கண்ணாடி அறை.
தட்டைக் கூரை சுவரைச் சந்திக்கும் இடத்தில்
நூற்றைம்பது மில்லிமீட்டர் எழும்ப வேண்டிய விளிம்பை
நூறோடு நிறுத்தினேன்.
ஜன்னல் தாழ்வாக இருந்தது, மணி இரவு ஒன்பது,
பழைய முதலாளி கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.
குறைந்தது ஒரு தீப்பெட்டி நீளம்.
யாரும் பார்க்கவில்லை.

"அது அவர்கள் பாடு," என்றான் ரூரி.
சட்டப்படி சரியாகத்தான் இருக்கும்.
ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

டாக்டர் ரென்னி என்னைப் பார்த்து மகிழ்ந்து
தேநீர் கொடுத்தார்.
இந்த அறையில்தான் இப்போதெல்லாம் படிக்கிறாராம்.
கூரையின் உட்புறம் வெண்மை, பழுதில்லை.
மூலையில், அந்த விளிம்புக்கு நேர் கீழே,
ஜெரேனியம் வைத்த ஒரு பெரிய தொட்டி.
அதை நகர்த்திப் பார்க்க வேண்டும்.
இரண்டாவது பிஸ்கட்டையும் தின்றேன்.
நகர்த்தவில்லை.
கிளம்பும்போது வாசலில் நின்று,
"அங்கே தண்ணீர் வந்தால் உடனே சொல்லுங்கள்," என்றேன்.
அவர் சிரிப்பு
ஒரு கணம் பாதியில் நின்றது.

"ஆம்" என்று எழுதினேன்.
கொடுத்திருந்த கட்டம் சிறியது. தனித்தாள் இணைத்தேன்.
ரூரி ஒன்றும் சொல்லாமல் கெட்டிலைப் போட்டான்,
வழக்கத்தைவிடச் சத்தமாக.

மூன்றாவது நிறுவனத்தின் பதில் வெள்ளியன்று வந்தது.
பிரீமியம் நூற்றெண்பது பவுன் கூடியிருந்தது.
கடைசிப் பக்கத்தில் எங்களுக்கென்றே தட்டச்சு செய்த ஒரு வரி:
கார்னூஸ்டிக் கூரை இதில் அடங்காது.
உலகத்தில் உள்ள தட்டைக் கூரைகளில்
அது ஒன்று மட்டும்
இனி முழுக்க என்னுடையது.
கையெழுத்திட்டோம்.

காப்பு தொடங்குவது நள்ளிரவு பன்னிரண்டு ஒன்றுக்கு.
டேபோர்ட்டில் படகுக் கொட்டகையை வீடாக்கும் எங்கள் முதல் வேலை,
அதன் வரைபடம் மாலை நான்குக்கே தயார்.
காத்திருந்தோம்.
பேக்கரியில் மிஞ்சிய இறைச்சிப் பணியாரத்தை ஆளுக்குப் பாதி தின்றோம்.
பதினொன்றரைக்கு மறுபடி திறந்து
விளிம்பின் உயரத்தைப் பார்த்தேன்.
நூற்றைம்பது.
பக்கத்தில் இன்னொரு முறை எழுதினேன், நூற்றைம்பது.
"ஒரு தடவை போதும்," என்றான் ரூரி.
அழிக்கவில்லை.

பன்னிரண்டு.
கீழே யாரோ மாவு மூட்டையைத் தரையில் போட்டார்கள்.
"இன்னும் ஒரு நிமிடம்," என்று ரூரி
என் கையை விசையிலிருந்து எடுத்தான்.