அடையாளம் தெரியாதவை, பக்கம் 41

பகலில் நான் பல் செய்கிறவன்.
சிக்கோபியில், ஆற்றுப் பாலத்துக்குக் கீழே,
முகம் தெரியாத வாய்களின் அச்சுகள் வரும்;
கடைவாய்ப் பற்களை இழைத்துத் திருப்பி அனுப்புவேன்.

இரவில் இந்தப் பச்சை மூன்று சென்ட்.

மறுபடி எவரும் ஒட்டிவிடாதபடி
தபால்தலையைச் சாகடிக்க வேண்டும்;
சட்டம் கேட்டது அவ்வளவுதான்.
ஒரு கோடு போதும், ஒரு பொட்டு மை போதும்.
ஆனால் அந்தச் சிற்றூர்களின் அஞ்சலதிகாரிகள்
புட்டித் தக்கையைப் பேனாக்கத்தியால் குடைந்து
நட்சத்திரம் வைத்துக் கொன்றார்கள்.
தேனீ வைத்து. பூசணிக்காய் வைத்து.
ஒருவர், ஏனோ, விசிறி வைத்து.
தபால்தலைக்கும் தலையெழுத்து உண்டு;
எழுதியவன் பெயரைத்தான் தேட வேண்டும்.

உறையிலிருந்து உரித்த தலைக்கு ஊர் கிடையாது.
உறையோடு இருந்தால் பக்கத்து வட்டத்தில் ஊர் இருக்கும்,
மாதம் இருக்கும், நாள் இருக்கும்,
ஆண்டை மட்டும் வைக்க மறந்திருப்பார்கள்.
அதற்குக் கடிதத்தைப் படிக்க வேண்டும்.
அப்படி ஏழு உறைகளைப் படித்தேன்:
கோல்ட்ரிட்ஜ் மில்ஸிலிருந்து
வொர்செஸ்டரில் ஒரு மிஸ் தியோடோசியா ராண்டுக்கு,
1874 மார்ச் தொடங்கி இரண்டு குளிர்காலம்.
கம்பளி விலை. இருமல். நரி தூக்கிய கோழி.

ஏழிலும் ஒரே முத்திரை.
பட்டியலில் அதன் பெயர் "உடைந்த ஜன்னல்".
நானும் பதினோரு வருஷம் ஜன்னல் என்றே நம்பினேன்,
சட்டம், கம்பிகள், விழுந்துபோன கண்ணாடி.

ஒரு பிப்ரவரி இரவு
மேசையில் யாருடைய மேல்வரிசையோ காய்ந்துகொண்டிருந்தது.
காப்பி எடுக்க எழுந்தவன்
ஆல்பத்தைத் தலைகீழாகப் பார்த்தேன்.

ஜன்னல் சிரித்தது.

தேதிவாரியாக அடுக்கினேன்.
மார்ச்சில் ஆறு பல்.
ஜூனில் ஐந்து.
அறுவடை முடிந்தபின் எழுதிய கடிதத்தில் நான்கு,
அதிலும் ஒன்று ஆடுகிறது, அல்லது மை சரியாகப் படியவில்லை.
அப்புறம் மூன்று. மூன்று. ஒன்று.

அந்த ஆண்டுகளின் சம்பளப் பதிவேட்டில் ஒரு பெயர்:
இத்தமார் பிளாட், வருஷத்துக்கு அறுபத்தொரு டாலர்.
வேறெதுவும் இல்லை.
தன் வாயில் ஒன்று விழுந்ததும்
கத்தியை எடுத்துத் தக்கையிலும் ஒன்றை எடுத்தாரா?
பல்வலியோடு உட்கார்ந்து
அடுத்தவர் கடிதங்களின் மேலெல்லாம் இளித்தாரா?

"தக்கை தேயும், எமில்," என்றாள் லொரேட்டா குவிக்லி,
ஹோலியோக்கில் கடை வைத்திருப்பவள்,
ஆறாவது உறைக்கு என்னிடம் எண்பது டாலர் வாங்கியவள்.
"எல்லாத் தக்கையும் தேயும்."

எனக்கா தேய்மானம் தெரியாது?
முப்பது வருஷமாய் அதுதானே என் பிழைப்பு.
தேய்ந்த இடம் வழுக்கும், ஓரம் மழுங்கும்.
இவை வெட்டு. நான்கு பக்கமும் நேர்.
நான்காவது பல் மட்டும்
சரி, அது உதிர்ந்ததாகவே இருக்கட்டும்.
லொரேட்டாவுக்கு ஒரு பல் விட்டுக்கொடுக்கிறேன்.

ஏழாவதை அவள் சும்மா கொடுத்தாள்.
"மைத்திட்டு, மதிப்பில்லை" என்று
பென்சிலில் எழுதியிருந்தது.
லென்ஸில் பார்த்தால் இரண்டு உதடு, நடுவில் வெள்ளை.
சுத்தமான பொக்கைவாய்.

பக்கம் 41இல் ஜன்னலை அடித்துவிட்டு
வாய் என்று எழுதினேன், கேள்விக்குறியோடு.
யார் மேலும் முத்திரை குத்துவது எளிது;
அவரே குத்தியதைப் படிக்கத்தான்
எந்தப் பக்கம் மேல் என்று தெரிய வேண்டியிருக்கிறது.

உதட்டின் இரு ஓரமும் இப்போது மேல்நோக்கி வளைந்திருக்கின்றன,
உறையை நான் பிடித்திருக்கும் விதத்தில்.