இரண்டு மாத்திரை

ஆத்துத் திருவிழா முடிந்து மூன்றாம் நாள்,
மஞ்சக்குப்பம் மைதானத்தில் இறுதி ஆட்டம்.
மருந்துக்கடையில் பல்வலி என்று சொல்லிவிட்டு
கயிற்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்,
பல்லெல்லாம் தெரிய.

அரியாங்குப்பத்து அந்துவான்
மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
கையுறை மாட்டியபடி வருகிறான்.
யார் முதலில் தொடங்கியது என்று தெரியாது.
எப்போதுமே தெரியாது.
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு ஊ,
மதில்மேல் இருந்தவர்களிடம் ஒரு ஊ,
அப்புறம் மைதானமே ஒரு தொண்டை.

பி.லிட். இரண்டாம் வருடத்தோடு நின்றவன் நான்.
கொஞ்சம் இலக்கணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
ஊ நெடில். அதற்கு இரண்டு மாத்திரை.
நாங்கள் அதை
அவன் கார்டு எடுத்து முடிக்கும்வரை இழுத்தோம்.
ஊர் என்ற சொல்லில்
மெய்யை எடுத்துவிட்டால்
மிஞ்சுவது அந்தச் சத்தம்தான்.

"பாண்டி சரக்கு, தெளிஞ்சதும் ஆட வாடா!"
கத்தியவரை எனக்குத் தெரியும்.
ராத்திரியானால் முள்ளோடை தாண்டி
கன்னியக்கோயில் கடையில் வரிசையில் நிற்பவர்.
அவர் ஊவில்தான் சுதி அதிகம்.

எல்லாம் போன வருடக் கணக்கு.
கடைசி ஓவர், நாலு ரன் பாக்கி.
அந்துவான் தூக்கிவிட்ட பந்து
தேர்டு மேனில் நின்ற எங்கள் பாடலியிடம் போனது.
பாய்ந்து விழுந்து பந்தைத் தூக்கிக் காட்டினான்.
அந்துவான் நகரவில்லை.
"தரையில பட்டுச்சு சார்."
அம்பயர் தலையைச் சொறிந்தார். சொறிந்து, அவுட் இல்லை என்றார்.
அடுத்த பந்து சவுக்குத் தோப்பில்.
கோப்பை பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிப் போனது.
அன்றிலிருந்து அவன் எங்களுக்குத் திருட்டு அந்துவான்.

பாடலி விழுந்த இடம்
என் காலிலிருந்து ஆறடி.
பந்து முதலில் புல்லில் உட்கார்ந்தது.
பிறகுதான் அவன் விரலுக்கு வந்தது.
படுத்தபடியே திரும்பி என்னைப் பார்த்தான்,
கடனுக்கு ஆள் ஜாமீன் தேடுகிற பார்வை.
இரண்டு கையையும் தூக்கி
"அவுட்டு!" என்றேன்.
அதில் முதல் குரல் யாருடையது என்று தெரியும்.

இந்த வருடம் நாலாவது ஓவர்.
இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது
அந்துவானுக்குக் கணுக்கால் மடங்கியது.
பிட்ச் நடுவில் விழுந்தான்.
கைதட்டினோம். விசில்.
டிரம் செட்காரன் மட்டும்
தூக்கிய குச்சியை அடிக்காமல் வைத்திருந்தான்.

பந்து பாடலி கையில்.
ஸ்டம்பு நாலு எட்டு தூரம்.
"அடிறா! அடிறா!"
அவன் பந்தைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான்.
நடந்து போய்க் குந்தி
அந்துவானின் காலை மடியில் வைத்து
ஷூ கயிற்றை அவிழ்த்தான்.
முடிச்சு இறுகியிருந்தது போல, பல்லால் கடித்து அவிழ்த்தான்.

எங்கள் கூச்சலுக்கு வழி தெரியவில்லை.
கிளம்பிய பாதி ஊ
பாடலிமேல் இறங்கி
கீரை விற்கும் அவன் அம்மா வரை போய்
தானாக அடங்கியது.
அதிலும் என் குரல் இருந்தது.

ஜெயித்தது நாங்கள்தான், பதினோரு ரன்.
யாரும் ஆடவில்லை என்றால் பொய். ஆடினோம்.

ராத்திரி ஒன்பதரை, ஷட்டர் பாதி இறக்கியாயிற்று.
குனிந்து, நொண்டி, உள்ளே வருகிறான் அந்துவான்.
வெளியே பைக்கை அணைக்காமல் பாடலி,
கெடிலம் பக்கம் பார்த்தபடி.
"வலிக்கு எதுனா குடுங்கண்ணே."
அட்டையைக் கத்தரித்தேன். இரண்டு மாத்திரை.
சாப்பிட்டு ஒன்று, காலையில் ஒன்று
என்று சொல்ல வாய் திறந்தால்
காற்றுதான் வருகிறது.
"தொண்டை போயிடுச்சா?"
சளி என்று கையால் காட்டினேன்.
"பனி ஒத்துக்கல போல" என்றான்.

பில்லில் பெயர் எழுத வேண்டும்.
கடலூரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்.
இருந்தும் பேனாவைத் தூக்கி, புருவத்தால் கேட்டேன்.
சொன்னான்.
அந்தப் பெயரில் இரண்டு மெய்.
இரண்டுக்கும் அழுத்திப் புள்ளி வைத்தேன்.

வெளியே பாடலி ஹாரன் அடித்தான்,
நீளமாக.