இரண்டு கட்டி

நேதாஜி மார்க்கெட்டில் ஆறு கிலோ பன்னீர் திராட்சை.
தராசுப் பையன் கேட்டான்:
"ஒயினாக்கா?"
"திராட்சரசம்" என்றேன்.
வேதத்தில் இரண்டுக்கும் ஒரே பேர்தான்;
அவன் என்ன நினைத்தானோ,
சிரித்துக்கொண்டே இன்னொரு கொத்து போட்டான்.

காகிதப்பட்டறைக்கு இன்று ராத்திரி கேரல் வருகிறது.
எங்கள் வீடு பதினேழாவது.
பட்டியலில் இரண்டு மணி,
அப்படியென்றால் மூன்றரை.
நாற்பது தொண்டை, ஒரு கிடார், ஒரு டோலக்,
பஞ்சுத் தாடிக்குள் வியர்க்கிற ஒரு பிள்ளை.

சபை அண்டாவை உருட்டி வந்தோம்.
கழுத்தில் புள்ளிப் புள்ளியாய் வெட்டியிருக்கும்:
தி. தபித்தாள், 1974.
யாரென்று யாருக்கும் தெரியாது.
எல்லா விருந்துக்கும் வந்துவிடுகிறாள்.

உப்புத் தண்ணீரில் அலசி, காம்பு கிள்ளி,
தோல் வெடிக்கும்வரை ஒரு கொதி.
மத்து போட்டால் கொட்டை உடைந்து கசக்கும்;
கரண்டியின் முதுகால் அழுத்தினால் போதும்.
பிறகு ஸ்டூலைக் கவிழ்த்து
நான்கு காலிலும் வேட்டித் துணியின் நான்கு முனை.
ஊற்றினேன்.
கருஞ்சிவப்பாய் இறங்கியது,
அவசரமில்லாமல்.

அவர் வாசற்படியில் நின்று பார்த்தார்.
"நம்ம மெஷின் மாதிரியே இருக்கு."
அதைச் சொல்லிவிடக் கூடாதென்றுதான்
ஒரு மணி நேரமாய்
நான் வாயை மூடி வைத்திருந்தேன்.

செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணி.
ஒரு நாளைக்கு அரை லிட்டர்:
மாத்திரைக்குக் குடிப்பது,
சாம்பாரில் மிதப்பது,
பல் தேய்க்கையில் தெரியாமல் விழுங்குவதும் சேர்த்து.
பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்
பனைவெல்லத்துக்கு நேரே ஒரு பெருக்கல் குறி.
அதனால் எங்கள் வீட்டுச் செய்முறையில்
ஒரு வரி அதிகம்:
வெல்லம் விழுமுன்
அவருக்கு இரண்டு சின்னக் கரண்டி எடுத்துவை.

எடுத்து, கொஞ்சம் சீனி கரைத்து,
ஐஸ் தட்டில் இரண்டு குழியில் ஊற்றினேன்.
மற்ற குழிகள் காலி.
"இந்தக் குளிர்ல ஐஸா?" என்றார்.
"குடிச்சா ஒரு நிமிஷம். சப்பினா ஒரு பாட்டு."

இனி அண்டா, ஊருக்கு.
நசுக்கிய சுக்கு, பட்டை, கிராம்பு,
அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோல், நாலு மிளகு.
மதில் மேல் மெஹ்தாப் அக்காவின் முகம்:
"பிரியாணியா? இந்நேரத்துக்கா?"
ஒரு சொம்பு கைமாறியது.

மூன்று நாற்பதுக்கு
முதலில் நாய்கள் வந்தன, பிறகு டோலக்.
பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு
மலைப்பாறை வெறுங்கையோடு நின்றது.
ஜெபசீலன் ஒரு மடக்கு உறிஞ்சிவிட்டு
"கிக்கே இல்லியே ஆன்ட்டி" என்றான்.
"சுக்குல இருக்கு. தொண்டையைத் தாண்டட்டும்."
தாண்டியது.
அடுத்த பாட்டு அவனுக்காகக் காத்திருந்தது,
இருமி முடிக்கும்வரை.

எல்லார் கையிலும் ஆவி.
அவர் வாயில் மட்டும் ஐஸ்.
இருபத்திரண்டு வருஷம் பேஸ் பாடிய மனுஷன்
மிட்டாய் ஒளித்த பையன் மாதிரி
ஒரு கன்னம் உப்பி,
காலால் தாளம் போட்டுக்கொண்டு நிற்கிறார்.
மூன்றாம் சரணத்தில் வாய் திறந்துவிட்டார்.
வெள்ளைச் சட்டையில் ஊதாவாய் ஒரு சொட்டு.
துடைக்கவில்லை.
விரலால் ஒற்றி நாக்கில் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு?"
"அது ஆட்டோவுக்கு."

வியாழன். மெஷினுக்குப் பண்டிகை கிடையாது.
அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுக் கிளம்பினோம்.
எடை மேடையில் எப்சிபா சிஸ்டர் குனிந்து படித்தாள்:
"ஒண்ணே முக்கால் கிலோ கூட இருக்கு அங்கிள்."
"அதுல நாப்பது கிராம் கிறிஸ்துமஸ்" என்றார்,
நாக்கு முழுக்க ஊதா.

அவள் பார்த்தாள்.
எண்ணை மட்டும் எழுதினாள்.