பக்கம் மாற்றுதல்

மண்டபத்தில் ஆறேகாலுக்குப் பேருந்து.
பிரப்பன்வலசையில் இறங்கிப் பனைகளுக்கு ஊடாக
எட்டு நிமிடம் நடந்தால் அவர் வீடு.
ஹவில்தார் கூரியய்யா, எழுபத்து நாலு வயது,
இடக்கை இடக்கால் வராது,
வலக்கால் சர்க்கரைக்கு இரண்டு விரல் கொடுத்தது.
பன்னிரண்டு மணி நேரத்துக்கு எழுநூறு ரூபாய்.
மகன் மஸ்கட்டிலிருந்து அனுப்புவான்.
ஏஜென்சி நூறு எடுத்துக்கொள்ளும்.

எந்த ஊரு தாயி, என்று முதல் நாள் கேட்டார்.
மண்டபம் என்றேன்.
பொய்யில்லை. முகாமும் மண்டபத்தில்தான் இருக்கிறது.

மூன்று மாதம் நாக்கைக் கட்டி வைத்திருந்தேன்.
கதைக்கவில்லை, பேசினேன்.
தேத்தண்ணியை டீ என்றேன்.
பேந்து வரும் இடத்தில் அப்புறம் வைத்தேன்.

இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்ற வேண்டும்.
ஒருக்களித்து, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து,
முழங்கால்களுக்கு நடுவே மடித்த துண்டு.
வலப்பக்கம் படுத்தால் சுவர்,
சுவரில் பதக்கம் வைத்த கண்ணாடிச் சட்டம்.
இடப்பக்கம் படுத்தால் சன்னல்,
சன்னலில் அலையடிக்காத பெண்கடல்,
அதற்கு அந்தாண்டை
நாங்கள் இருவரும் வாய்திறக்காத இடம்.

மதியத் தூக்கத்தில் பேசுவார்.
கொஞ்சம் இந்தி, சில எண்கள், யாரோ ஒரு தாப்பா.
ஒரு நாள் உரும்பிராய் என்றார்,
நடந்து பழகியவர் சொல்லும் மாதிரி.
கால் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தேன்.
கட்டு முடியும்வரை கை நடுங்கவில்லை.
பிறகு பின்கட்டுக்குப் போய்
தோய்த்த துணியை மறுபடி தோய்த்தேன்.

எனக்கு ஆறு வயது.
அப்பா பாண் வாங்க சைக்கிளில் போனார்.
யாரோ சைக்கிளைக் கொண்டுவந்து
வேலியில் சாத்திவிட்டுப் போனார்கள்.

உச்சிப்புளித் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் எழும்பினால்
ஓடு அதிரும்.
அவர் நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடிப்பார்.
நான் சமையல் மேடைக்குக் கீழே பார்ப்பேன்,
ஆள் புக இடமிருக்கிறதா என்று.
ஐப்பசியில் ஒன்று மிகத் தாழப் போனது.
கதவச் சாத்திட்டியா, என்று கத்தினார்.
ஓம் ஐயா, பொறுங்கோ
என்றுவிட்டேன்.

கஞ்சி ஆறும்வரை பேச்சில்லை.
எந்தப் பக்கம், என்றார்.
உரும்பிராய். சந்தியிலிருந்து மூன்றாவது ஒழுங்கை.
வருஷம் கேட்கவில்லை.
நாங்க அந்தத் தெருவுக்கு வரல, என்றார்.
கொஞ்சம் கழித்து,
வந்தமா தெரியல, என்றார்.
ஊட்டினேன். நாலு கரண்டி இறங்கியது.

வேறு வீடு கேட்கலாம் என்று
ராத்திரி ஏஜென்சியின் எண்ணை எடுத்தேன், வைத்தேன்.
ஆறேகாலுக்குப் பேருந்தில் இருந்தேன்.
அறுநூறு ரூபாய் ஒரு காரணம்.
நான் போகாவிட்டால் பதினொரு மணிக்குள்
இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்துவிடும்.
ஒரு புண்ணை
யாருக்கு எதிராகவும் வளர்க்க எனக்குத் தெரியவில்லை.

நவம்பரில் தபால்காரர் கருவியோடு வந்தார்.
பென்ஷன்காரர் உயிரோடிருக்கிறார் என்று
டெல்லிக்கோ எங்கேயோ சொல்ல வேண்டுமாம்.
பெருவிரல் ஏறவில்லை. ரேகை தேய்ந்துவிட்டது.
ஆள்காட்டி விரலக் குடுங்கய்யா.
அவர் வலக்கையை முஷ்டியாக்கிக்கொண்டார்.
அது வேணாம்.

தபால்காரருக்கு இன்னும் ஒன்பது வீடு.
கட்டிலோரம் உட்கார்ந்தேன்.
தினம் கழுவித் துடைக்கிற கைதான்.
சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விரித்தேன்.
அந்த விரல் கடைசிவரை உள்ளே இழுத்தது.
ஈரத்துணியால் துடைத்து
கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தேன்.
பச்சை விளக்கு எரிந்தது.
இருக்காரு, என்றார் தபால்காரர்,
பையை மாட்டிக்கொண்டே.

பத்தரை மணி.
எந்தப் பக்கம் ஐயா, என்று கேட்டேன்.
இதுவரை கேட்டதில்லை, நானாகத்தான் திருப்புவேன்.
அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.
நான் தலையணையோடு நின்றேன்.