ஹெச் ஏழு

மைனஸ் முப்பத்தொன்று.
நோவோசிபிர்ஸ்கில் எந்தக் கட்டடத்துக்கும்
ஒரு கதவு போதாது.
முதல் கதவைச் சாத்திய பின்தான் இரண்டாவது.
நடுவில் நின்று பூட்ஸைத் தட்டுகிறாள் சயானா.
குளிர் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டு
எப்படியும் கொஞ்சம் உள்ளே வந்துவிடுகிறது.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
மனித செல்கள், ஒரு துளி மருந்து,
பல் பிடுங்கிய வைரஸ்.
நுழைந்துவிட்டால் செல் பச்சையாய் ஒளிரும்;
அதற்குமேல் அதற்கு எதுவும் தெரியாது.
ஆகவே இவள் வேலை
இருட்டைத் தேடுவது.

பச்சை, பச்சை, மங்கிய பச்சை, பச்சை.
ஹெச் ஏழு மட்டும் கறுப்பு.

அதில் இருப்பது ருஸ்தெம் காய்ச்சியது.
ஃபிர் மரத்து எண்ணெயிலிருந்து கற்பூரம்,
கற்பூரத்துக்கு ஒரு நைட்ரஜன் வால்.
எல்லாம் சேர்த்து நாற்பது சொச்சம் அணுக்கள்.
வைரஸின் முள்ளிலோ ஆயிரம் ஆயிரம்.
அந்த முள் செல்லைத் தொட்டு, உள்ளே இழுபட்டு,
அமிலம் பட்டதும்
மடக்குக் கத்திபோல் விரிந்து சவ்வைக் குத்தும்.
விரியுமுன் கீலில் ஒரு துரும்பு சிக்கினால் போதும்.
கத்தி கத்தியாகவே இருக்கும்,
மடங்கியபடி.
சட்டென்று பற்றிக்கொள்வதைக் கற்பூர புத்தி என்கிறோம்.
இதுவும் பற்றிக்கொள்கிறது,
பற்றிக்கொண்டு
எதையும் பற்றவிடுவதில்லை

என்று எழுதிவிடலாம். சயானா எழுதவில்லை.
ஹெச் ஏழு ஓரக் குழி. ஓரத்தில் நீர் சீக்கிரம் வற்றும்.
அதோடு இருட்டுக்கு இரண்டு அர்த்தம்:
கதவு சாத்தியிருக்கலாம்,
வீட்டில் எல்லோரும் செத்துக் கிடக்கலாம்.
போன மாதம் நூற்றுப்பன்னிரண்டாம் மருந்து அப்படித்தான்.
ருஸ்தெம் தேன் கேக் வாங்கி வந்திருந்தான்.
வெட்டிய பிறகுதான் தெரிந்தது
மருந்து செல்களைக் கொன்றிருக்கிறதென்று.
மீதிக் கேக் வெள்ளிக்கிழமைவரை மேஜையில் காய்ந்தது.

நீல விளக்கை அணைத்து
சாதாரண வெளிச்சத்தில் பார்க்கிறாள்.
செல்கள் கல் பாவியதுபோல் ஒட்டிக் கிடக்கின்றன.
ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது,
இடுப்பு சிறுத்து,
வாசலில் என்ன நின்றதென்றே அறியாமல்.

ருஸ்தெமுக்குச் செய்தி எழுதப் போனவள்
போனைக் கவிழ்த்து வைக்கிறாள்.
புதுத் தட்டு எடுக்கிறாள்.
இந்தமுறை ஓரத்தில் இல்லை,
நடுவில், மூன்று குழிகளில்.
முப்பத்தேழு டிகிரி. நாற்பத்தெட்டு மணிநேரம்.

வீட்டுக்குக் கிளம்பும்போது
முதுகுக்குப் பின்னால் உள்கதவு
'க்ளிக்' என்று சாத்திக்கொள்ளும்வரை
வெளிக்கதவின் கைப்பிடியைத் திருகாமல்
நிற்கிறாள்.