முதலாம் ஆள்

விதி ஒன்றுதான்:
"அவர் சொல்கிறார்" என்று தொடங்கக் கூடாது.
அவர் நான் என்றால்
நீயும் நான்.

பதினாறு வருடம்
பேர்ன் மாநில அலுவலகங்களில், ஆஸ்பத்திரிகளில்,
மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கி
நானாக இருந்திருக்கிறேன்.
எனக்கு புரோஸ்டேட் வீங்கியிருந்தது.
பதினேழு வயதுதான் என்று சத்தியம் செய்தேன்,
எதிரே இருந்தவர்
என் மணிக்கட்டின் எக்ஸ்ரேயை
வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.
சுகிர்தமலர் அழுதபோது மட்டும் அழவில்லை.
அழுகை ஒப்பந்தத்தில் இல்லை.

கோயிலில் நான் டொச் தெரிந்த அக்கா.
கந்தோரில் தமிழ் தெரிந்த பெண்.
வீட்டில், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால்
பதில் வரக் கொஞ்சம் நேரமெடுக்கும்.

டொச் மொழியில் நான் முன்னுக்கு நிற்கவேண்டும்,
பள்ளிக்கூட வரிசையில் கட்டைப் பிள்ளை மாதிரி.
தமிழில் அந்தக் கரைச்சல் இல்லை.
வந்தேன் என்றால் போதும்,
வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பேன்.
பிரித்தெடுத்தால், ஏன்.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்
அதைத்தான் எல்லோரிடமும் கேட்டார்கள்.

இந்த வியாழன் என்னுடைய முறை.
பூர்க்டோர்ஃப் நகரசபை, இரண்டாம் மாடி,
குடியுரிமைக் குழு, மூன்று பேர்,
ஒரு கூஜாவில் தண்ணீர்.
திருமதி லூத்தி பேனாவை மூடிவைத்து
உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

இடப்பக்கம் திரும்பினேன்.
அங்கேதான் எப்போதும் ஒருவர் இருப்பார்,
தொண்டையைச் செருமுவார்,
நான் குறிப்பேட்டைத் திறப்பேன்.
நாற்காலியில் என் மழைக்கோட்டு,
ஒரு கை உட்புறம் வெளியே புரண்டிருந்தது.
காத்திருந்தேன்.
அவர்களும் காத்திருந்தார்கள், மரியாதையாக.

பிறகு என் வாய்
நல்ல உச்சரிப்பில், பிழையில்லாமல் சொன்னது:
அவர் சொல்கிறார்,
தனக்கு இங்கே சந்தோஷமாம்.

பகிடி என்று நினைத்து மூவரும் சிரித்தார்கள்.
நன்றாக ஒன்றிவிட்டவர், என்று
ஒருவர் எழுதியதைத் தலைகீழாக வாசித்தேன்.
குப்பைப் பை செவ்வாய்க்கிழமை,
பழைய காகிதம் மாதத்தில் ஒருநாள்.
எல்லாம் சரி.

படியிறங்கும்போது போன் அடித்தது.
தூன் ஆஸ்பத்திரி, ஆண், ஐம்பத்தெட்டு.
வருகிறேன் என்றேன்.
நாளை ஒன்பது மணிக்கு
எனக்குப் பித்தப்பையில் கல்.